துணைவியுடன் வீட்டில் இருக்கவும்

மார்ச் 4, செவ்வாய்

காலைல பத்து நாப்பத்திரண்டுக்கு மெயில் வந்துச்சு. ஒரு துணிக்கடை லிஃப்டோட கூரை மேல உக்காந்து கதவு மோட்டார மாத்திக்கிட்டு இருந்தேன். குடியுரிமை ஆபீஸ்லேந்து. பதினஞ்சாம் தேதி வீட்டுக்கு விசாரணைக்கு வர்றாங்களாம். கடைசி வரி: "அன்று துணைவியுடன் வீட்டில் இருக்கவும்."

அவ போய் அஞ்சு மாசம். அப்பவே இறப்புச் சான்றிதழ அனுப்பிட்டேன். "கிடைத்தது, நன்றி"ன்னு கம்ப்யூட்டர் பதில் போட்டுச்சு. அதோட சரி.

இன்னொரு தடவ படிச்சேன். ஒண்ணும் தோணல. மோட்டார மாட்டி முடிச்சேன். கதவு சத்தமே இல்லாம மூடுது.

மார்ச் 5, புதன்

கிரீஸ் அண்ணன் கேட்டார். (கூட வேலை பாக்கறவர். எத்தனை சோப்பு போட்டாலும் கை கருப்பு போகாது, அதான் அந்தப் பேரு.)

"பொண்டாட்டி இந்த நாட்டுக்காரங்கன்னு சொல்லித்தானடா மனு போட்ட? அவங்களே இல்லைன்னா மனு நிக்குமா?"

"அதிகாரி பாத்து முடிவு பண்ணலாமாம்."

"நிக்கலைன்னா?"

"ஜூன்ல விசா முடியுது. கிளம்பணும்."

"கிளம்ப ஆசையா?"

இல்லைன்னேன். வாய் தானா சொல்லிடுச்சு. ஏன் இல்ல? அவளுக்காக வந்த ஊரு. அவளே இல்ல. ஆனா காலைல மாமா (அவளோட அப்பா) ரேடியோ நியூஸோட சண்டை போடற சத்தத்துலதான் எனக்கு முழிப்பு வருது. அது இல்லாம எப்படி எந்திரிக்கறதுன்னு தெரியல.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா ஃபோன். "பொண்டாட்டி இல்லாத வீட்ல மாப்பிள்ளைக்கு என்னப்பா வேலை? வந்துடு."

நியாயமான கேள்வி.

மத்தியானம் சாப்பிடறப்ப மெயில் விஷயத்த மாமா, அத்தை ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். அத்தை கடைசி வரிய மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க. மாமா, "பாத்துக்கலாம் மாப்ள"ன்னார்.

என்னத்த பாத்துக்கறது?

மார்ச் 12, புதன்

ஒருத்தர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, கயிறு அறுந்துடுமான்னு கத்தறார். "அறுந்தாலும் விழாதுங்க, ரெண்டு பக்கமும் பிரேக் கவ்விப் பிடிச்சுக்கும்"னு கதவுக்கு வெளிய நின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வெளிய வந்து என் கையப் பிடிச்சவர் ரொம்ப நேரம் விடல. நல்லாத்தான் இருந்துச்சு.

மார்ச் 15, சனி

அதிகாரியம்மா வந்தாங்க. வாசல்ல அவ செருப்பு. அவ போனப்ப எடுத்து வெச்சது எப்ப வெளிய வந்துச்சு? நாற்காலியில அவ கைப்பை. புரியறதுக்குள்ள அவங்க உள்ள வந்து உக்காந்துட்டாங்க. கையில ஒரு தாள். அதப் பாத்துக்கிட்டே, "உங்க மனைவி எங்க?"

"குளிச்சுட்டு இப்பதான் கடைக்குப் போனா"ன்னாங்க அத்தை.

"ஆபீஸ் போயிருக்கா"ன்னார் மாமா, அதே நேரத்துல.

"சனிக்கிழமையிலயா?"

"கடைக்குப் போயிட்டு... அப்படியே ஆபீஸ்."

பொய் சொன்னா மனுவே காலின்னு ஃபாரத்துல தெளிவா போட்டிருக்கே! "மேடம், அவ செத்துப்போயிட்டா. நான் அப்பவே தெரிவிச்சிருக்கேன்"னேன். அந்த வார்த்தைய அஞ்சு மாசத்துல நான் இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொல்றேன்.

அவங்க ஃபைலப் புரட்டினாங்க. சான்றிதழ் அதுலயே இருந்துச்சு. முகம் மாறிடுச்சு. பெரியவங்க பக்கம் திரும்பி, "ஏன் இப்படிச் சொன்னீங்க?"

மாமா தலையக் குனிஞ்சுட்டார். அத்தைதான் வெடிச்சாங்க. "பின்ன என்னம்மா? ரெண்டு பேரும் இருக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க? இல்லைன்னா இவன அனுப்பிடுவீங்க. இவனுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது, வேணும்னும் சொல்லத் தெரியாது. போட்டதத் தின்னுட்டுப் போவான், போடலைன்னா பட்டினி கிடப்பான். இவன எப்படிம்மா தனியா விடறது?"

அதுவரைக்கும் "மாப்ள, வாங்க போங்க"தான். இவனாம்!

அதிகாரியம்மா கை கழுவணும்னு எந்திரிச்சு குளியலறைக்குப் போனாங்க. திரும்பி வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. கண்ணு சிவந்திருந்த மாதிரி எனக்குத் தோணுச்சு. "ஃபைலப் பாக்காம கேட்டேன். கேள்வியே தப்பு. அதனால அந்தப் பதிலயும் நான் எழுதல"ன்னாங்க. அப்புறம் எங்கிட்ட, "நீங்க இங்க ஏன் இருக்கணும்னு நினைக்கறீங்க?"

ஒரு பதில் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். வேலை, வரி, அனுபவம். ஒண்ணும் வரல. "இவங்க இங்க இருக்காங்க"ன்னேன். அவ்வளவுதான். அத எழுதிக்கிட்டாங்க. டீ குடிச்சாங்க. போயிட்டாங்க.

அப்புறம் குளியலறைக்குப் போனேன். அவ டவல் ஈரமா தொங்குது. பிரஷ்ஷும் ஈரம். அத்தை நனைச்சு வெச்சிருக்காங்க. குளிச்ச மாதிரி.

அங்கயே தரையில உக்காந்துட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேத்து அழுதேன். எழுதி வெக்கறேன்.

இன்னைக்குக் காலைல அத்தை, "கடைன்னு முன்னாடியே பேசி வெச்சோம். நீங்க ஏங்க ஆபீஸ்ன்னீங்க?"ன்னு திட்டினாங்க. அதுக்கு மாமா, "என் பொண்ணு வேலைக்குப் போறவ, கடை கடையா சுத்தறவ இல்லடி"ன்னார். அத்தைக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கும். மூணு பேரும் சிரிச்சோம். யாரும் நிறுத்தச் சொல்லல.

மார்ச் 27, வியாழன்

ஆபீஸ்லேந்து இன்னும் பதில் வரல. அத்தை இப்ப "டா" போடறாங்க.

ஏப்ரல் 11, வெள்ளி

கிடைச்சுடுச்சு. மனு ஏத்துக்கிட்டாங்க.

மாமாகிட்டதான் மொதல்ல சொன்னேன். ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு, "இனிமே நீயும் இந்த அரசாங்கத்தத் திட்டலாம்"ன்னார்.

அம்மாகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. பழைய பாஸ்போர்ட்ட ஒப்படைக்கணும்னதும் "என்னது?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம், "உங்க அத்தைகிட்ட ஃபோனக் குடு."

ரெண்டு அம்மாவும் ஒரு மணி நேரம் என்னைப் பத்திப் புகார் சொல்லிக்கிட்டாங்க. "சின்ன வயசுலேந்தே அப்படித்தான் சம்பந்தி. கேக்கவே மாட்டான். நீங்களா போடுங்க." கடைசியில அம்மா எங்கிட்ட, "சரி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது முகத்தக் காட்டு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. அழுதாங்கன்னு தெரியும். சரின்னு சொன்னதும் நிஜம்.

மே 8, வியாழன்

காலைல உறுதிமொழி எடுத்தாச்சு. பெரிய ஹால். பக்கத்துல எல்லாரும் ஜோடி ஜோடியா. எனக்கு ரெண்டு பக்கமும் மாமாவும் அத்தையும். குரல் ஒரு இடத்துல தடுக்குச்சு. மாமா முழங்கையால இடிச்சார். மிச்சத்தச் சொல்லி முடிச்சேன்.

அவ இருந்திருந்தா ஃபோட்டோவுல என் சட்டைக் காலர சரி பண்ணியிருப்பா. காலர் கோணலாத்தான் இருக்கு. இருக்கட்டும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். சாப்பாடு போட்டாங்க. இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டேன். அத்தை கரண்டி நிறைய அள்ளிப் போட்டாங்க.

மாமா ஊர் பூரா சொல்லிட்டார் போல, ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அத்தை நல்ல புடவையக்கூட மாத்தாம சோபாவுல தூங்கிட்டாங்க. நல்ல தூக்கம், லேசா குறட்டை. ஃபோன ஆஃப் பண்ணிட்டேன்.