மேற்கு கேட்டுக்கு மூன்றாவது பூச்சு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எழுந்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. வாரத்துக்கு ஒரு தடவை போனில் நல்லாருக்கேன்ப்பா என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், அதை வைத்து நீ எப்படி இருக்கிறாய் என்று கண்டுபிடிக்க நான் என்ன ஜோசியனா. என் இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது கட்சி மாறுகிறது. மாடிக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன், இப்போது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. வழுக்கும் தரையில் அந்த மெல்லிய செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்காதே, நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள். இப்படியே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போக எனக்கு ஆசைதான், ஆனால் இதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. விஷயத்தைப் போனில் சொல்ல நாலு தடவை ஆரம்பித்தேன், நாலு தடவையும் அங்கே மழையா என்று கேட்டு முடித்துவிட்டேன். அதனால்தான் கடிதம், எழுதிவிட்டால் வாயைப்போல் இது பின்வாங்காது.

நம் கிளப் மைதானத்தில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசிகர்கள் நாங்களே கூடித்தான் எல்லா வேலையும் செய்கிறோம். புல் வெட்டுவது, கேலரிப் படிகளைக் கூட்டுவது, வலையைத் தைப்பது, கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பது எல்லாம் நம் கைதான். ரிட்டையர்டு தபால்காரர் இன்னும் கோடு போடுகிறார், அவர் போடும் நடுவட்டம் இன்னும் முட்டையாகத்தான் இருக்கிறது, யாராவது சொன்னால் பந்துக்குத் தெரியவா போவுது என்கிறார். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருக்கும். ஆனால் நாலு வருஷமாக நான் மேற்குப் பக்கம் போவதில்லை. எனக்கு எப்போதும் கிழக்குக் கோல் போஸ்ட் பக்கம் ஏதாவது வேலை இருக்கும், இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்வேன். அப்படியும் அது என்னை விடுவதில்லை கண்ணு. புல் வெட்டும் மெஷினை நிறுத்தினால் போதும், மேற்குப் பக்கத்திலிருந்து இரும்பில் உள்ளங்கை அடிக்கும் சத்தம் வரும். காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், காற்று இப்படி விட்டுவிட்டு, ஆளைக் கூப்பிடுவதுபோல் தட்டுமா. அங்கே மேற்கு கேட்டுக்கு மேலே இருக்கும் படிகளில் இன்றுவரை யாரும் உட்காருவதில்லை. கூட்டம் நெருக்கியடிக்கிற நாளிலும் அந்த இடம் மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது, யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. உன் மாமா அங்கேதான் நின்று நடுவரைத் திட்டுவான், கண்ணாடி போட்டுட்டு வாய்யா என்று. சில சமயம் என் பின்னாலேயே அந்தக் குரல் கேட்கிறது, திரும்பிப் பார்த்தும் இருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

அந்த நாளை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனால் எழுத வேண்டியதை எழுதத்தான் வேண்டும். சீசனின் கடைசி ஆட்டம், மத்தியானம் மூன்று மணி, திடீரென்று அடித்த காற்றில் கேலரிக் கூரைத் தகடு பிய்ந்து பறந்தது, மொத்த ஜனமும் மேற்கு கேட்டுக்கு ஓடியது. ஜனம் உள்ளே வருவது கிழக்குப் பக்கம்தான், இந்தக் கேட்டை ஆட்டம் முடிந்துதான் திறப்போம். அங்கே தொண்டராக நின்றது நீ. தாழ்ப்பாளை இழுக்கிறாய், வரவில்லை. மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து உன் கைமேல் தன் கையை வைத்து இழுத்தான், அப்போதும் வரவில்லை. வெளியிலிருந்து ஒருவர் தாழ்ப்பாள் போய் மாட்டும் வளையத்தைக் கல்லால் உடைத்துத் திறப்பதற்குள் நாலு நிமிடம். பின்னாலிருந்து நெருக்கிய நெருக்கலில் மாமா கேட்டோடு நசுங்கி உயிரை விட்டுவிட்டான். உன் அம்மா தூக்கி வளர்த்த தம்பி. விசாரணையில் கேட்டில் நின்ற தொண்டர் பதற்றத்தில் தாமதித்தார் என்று எழுதினார்கள், ஊரும் அதையே சொன்னது, அம்மாவும் அதையே நம்பினாள், நீயும் நம்பினாய். நீ பெட்டியோடு கிளம்பிய அன்று அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நீ வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றேன்.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தது நான். கிழக்குக் கேலரிக்காரர்கள் அவர்கள் கேட்டுக்கு இரண்டு பூச்சு கொடுத்துவிட்டு, உங்க கேட்டுல துரு எட்டிப் பாக்குதே என்று கேலி பேசினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நமக்கு மூன்று பூச்சு என்று இறங்கிவிட்டேன். எங்கேயும் ஒரு பொட்டு இரும்பு தெரியக் கூடாது என்று கீல், கம்பி, இடுக்கு எல்லாவற்றிலும் கிளப் நீலத்தை வழிய வழிய ஏற்றினேன். தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு அடித்திருக்க வேண்டும், பெயிண்ட் காயும்முன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். மூடிய தாழ்ப்பாள்மேலேயே அடித்தேன், மூடியிருந்தால்தான் பார்க்க அழகாக இருந்தது. மாமா வந்து பார்த்துவிட்டு, அத்தான், நம்ம கேட்டைத் திறக்கவே மனசு வராது போலிருக்கே என்று என் தோளைத் தட்டினான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உன் கையை நான்தான் கழுவினேன், நினைவிருக்கிறதா. உன் நகம் நாலு கிழிந்திருந்தது, ஒவ்வொன்றின் அடியிலும் நீலச் செதில். காய்ந்த பெயிண்ட். பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது, ஒரு நொடிகூட ஆகவில்லை. அது வரவே இல்லப்பா, நான் இழுத்தேம்பா என்று நீ அழுதாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, பதறிட்டே கண்ணு, விடு, யாரா இருந்தாலும் பதறுவாங்க என்றேன். சொல்லிக்கொண்டே அந்த நீலம் தண்ணீரோடு போகிறவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நீ பதறினாய் என்று முதலில் சொன்னது விசாரணைக்காரர்கள் இல்லை, நான். நான் சொன்னதால்தான் நீயே அதை நம்பினாய், அப்பா பொய் சொல்வார் என்று உனக்கு எப்படித் தோன்றும். அன்றைக்கு எனக்கு இருந்த பயம் போலீஸ் பயம்கூட இல்லை, உன் அம்மாவின் முகத்தைப் பற்றிய பயம். அந்தப் பயத்துக்கு நான் உன்னைக் கொடுத்துவிட்டேன். இன்றும் கை கழுவ நின்றால் தண்ணீரின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நாலு வருஷமாகச் சங்கிலி போட்டுக் கிடந்த அந்தக் கேட்டைப் புது சீசனுக்குத் திறக்க வேண்டும் என்று கிளப் செயலாளர் சொல்லிவிட்டார். போன ஞாயிறு வேலை பிரித்தபோது பெயிண்ட் ஆள் என்று என் தலையில் விழுந்தது, எனக்குத் துணை ஒரு வெல்டர். அவர் வெளியூரிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, நடந்தது அவருக்கு ஒன்றும் தெரியாது. உப்புத்தாளும் உளியுமாகச் சுரண்டிக்கொண்டே வந்தவர் தாழ்ப்பாளில் வந்து நின்றார். இதப் பூசினவனைக் கையெடுத்துக் கும்பிடணும், தாழ்ப்பாளையே சேத்து ஒட்டிட்டான், யானை வந்து இழுத்தாலும் வராதே என்று சத்தமாகச் சிரித்தார். சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெயிண்ட் யார் அடித்தது என்று அத்தனை பேருக்கும் தெரியும். தபால்காரர்தான் மெதுவாக, துருவா இருக்கும், நாலு வருஷ மழை என்றார். செயலாளரும் ஆமாம் துருதான் என்றார். எனக்கு வழி விட்டார்கள் அம்மா, நான் பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். தலையாட்டத்தான் போனேன். அப்போது என் வாயிலிருந்து துரு இல்ல, நான்தான் என்று வந்துவிட்டது. பிறகு குழாயடியில் நடந்தது வரை எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். தபால்காரர் கையிலிருந்த சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, நீர் மனுஷனா ஐயா, அந்தப் பொண்ணு ஊரை விட்டே போச்சே என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவ வாசல்ல நின்னாளே, நான் போகலியே என்றாள். இன்றைக்கு ஐந்து நாள் ஆகிறது, என்னோடு ஒரு வார்த்தை இல்லை. என்னோடு பேசாதது எனக்குச் சரிதான், அதற்கு நான் உன்னிடம் சிபாரிசு கேட்கவில்லை. வருகிற வியாழக்கிழமை விசாரணை அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுக்கப்போகிறேன். பழசை ஏன் கிளறணும் என்று செயலாளர் சொல்கிறார், அவருக்கு அது பழசு. அந்தக் காகிதத்தில் உன்னைப் பற்றி எழுதியிருக்கும் வரியை அடிக்கச் சொல்வேன், அடிக்க முடியாது என்றால் அதன் கீழே என் பெயரை எழுதச் சொல்வேன். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும், நீ அதற்காகப் பதறி விமானம் ஏறாதே. என்னை மன்னித்துவிடு என்று எழுத உட்காரும்போதே நினைத்திருந்தேன், எழுதி எழுதிப் பார்த்து விட்டுவிட்டேன், அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. உன் கை நல்ல கை அம்மா. அது பதறவே இல்லை. நகம் பிய்ந்தும் விடாமல் இழுத்த கை.

நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு வேண்டும் என்றால் எடுத்துக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த வாரம் முழுக்க உன் போன் ஓரிரு தடவை மணி அடித்து அடித்து நின்றிருக்கும், அது அம்மாதான். கூப்பிட்டுவிட்டு, நீ எடுப்பதற்குள் வைத்துவிடுகிறாள். இனி வந்தால் சட்டென்று எடு. மன்னிப்புக் கேட்க அவளுக்கு வராது, சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். சாப்பிட்டேம்மா என்று சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா