நூல் எங்கே இரண்டு முறை தட்டுகிறது

இன்று காலை பட்டறையில் புது சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். ஆட்டோ சீட்டுக்கு ரெக்ஸின் ஒட்டுகிற அந்தப் பசையின் நெடி மூக்கில் ஏறியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த நெடிக்கு முகம் சுளிக்காதவள் அவனியாபுரத்தில் நீ ஒருத்திதான். "ஒங்க கடை வந்துருச்சுன்னு எனக்கு இதுதான்டி சொல்லும்" என்பாய். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. எழுதுகிறேன்.

உன் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அதற்கு சீட் தைத்துக் கொடுத்தவர் என் அப்பா. அப்படித்தான் நமக்குள் பழக்கம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உனக்குப் பார்வை போனது. பத்தாவது வரை பார்வையற்றோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாய். பதினொன்றாம் வகுப்புக்கு நான் படித்த பள்ளிக்கே வந்து, கணக்குப் பிரிவுதான் வேண்டும் என்றாய்.

தலைமையாசிரியை உன்மேல் இருந்த அக்கறையில்தான் தயங்கினார். "கணக்குல படம் நெறைய வரும்மா. கோடு, வளைவுன்னு பாதிப் புத்தகம் அதுதான். வரலாறு எடுத்தா நல்ல மார்க் வாங்கிருவ" என்றார்.

உன் அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "எனக்குக் கணக்குதான் டீச்சர் பிடிச்சிருக்கு. காலாண்டு வரைக்கும் உக்கார விடுங்க. ஒத்து வரலைன்னா நானே மாறிக்கிறேன்."

அவர் சம்மதித்தார். நீ என் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

சில வாரங்களில் சார்பு என்ற பாடம் வந்தது. ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஒரு விடைதான் வர வேண்டும், இரண்டு வந்தால் அது சார்பு இல்லை என்று கணக்கு டீச்சர் விளக்கினார். வரைபடத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். மேலும் கீழுமாக ஒரு குத்துக்கோடு போட வேண்டும். அதை எங்கே போட்டாலும் வளைவை ஒரு புள்ளிக்கு மேல் வெட்டக் கூடாது. டீச்சர் கரும்பலகையில் வட்டம் வரைந்து, குறுக்கே குத்துக்கோடு இழுத்து, "ரெண்டு எடத்துல வெட்டுது பாத்தீங்களா? அப்ப இது சார்பு இல்ல" என்றார். வகுப்பே தலையாட்டியது. நீ என் காதோரம் சாய்ந்தாய்.

"எது எதைடி வெட்டுது?"

உன் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினேன். கூச்சம் தாங்காமல் நீ கையை இழுத்துக்கொண்டாய். இருவருக்கும் சிரிப்பு. ஆனால் படம் உனக்குப் பிடிபடவில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பட்டறையில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, சீட் தைக்கும் நூலைச் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். குறுக்கும் நெடுக்குமாக அச்சுக்கு இரண்டு நூல், அவற்றின் மேல் கிண்ணம் போல ஒரு வளைவு. காய்ந்ததும் உன்னிடம் நீட்டினேன். ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் ஓரமாகவே ஆள்காட்டி விரலைக் கீழிருந்து மேலே கொண்டுபோனாய். ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் தடவினாய்.

"எங்க தொட்டாலும் ரெண்டு தட்டுதேடி. இப்படிப் பாத்தா உலகத்துல எதுவுமே சார்பு இல்ல!"

அச்சையும் வளைவையும் ஒரே மாதிரி நூலில் ஒட்டியிருந்தேன். உன் விரல் முதலில் அச்சைத் தொட்டது, பிறகு வளைவை. எது எதுவென்று விரலுக்கு எப்படித் தெரியும்? பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா எழுந்துபோய்ச் சாக்கு தைக்கும் தடித்த சணலைக் கொண்டுவந்தார். அச்சுக்கு மெல்லிய நூல், வளைவுக்குச் சணல். மறுபடி ஒட்டினோம். மறுபடி ஸ்கேலை வைத்தாய். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, அவசரமே இல்லாமல், இண்டு இடுக்கு விடாமல் போனாய்.

"சணல் ஒண்ணுதான் தட்டுது. எல்லா எடத்துலயும் ஒண்ணுதான். இது சார்புடி!"

நீ போட்ட சத்தத்தில் தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

காலாண்டுக்கு முன் கணக்கு டீச்சர் உன்னைச் சோதித்தார். தலைமையாசிரியையும் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அதற்குள் நாம் ஒட்டிச் சேர்த்திருந்த அட்டைகள் உனக்கு மனப்பாடமாகியிருக்கும் என்று டீச்சரே வீட்டில் புதிதாக ஒட்டி எடுத்துவந்திருந்தார். முதல் அட்டையில் சணல் நடுவே அறுந்து கொஞ்சம் இடைவெளி. நீ அங்கே வந்ததும் நின்றாய்.

"இங்க சணலே இல்ல டீச்சர். அந்த எண்ணெல்லாம் இதோட சார்பகத்துல இல்ல, அதாவது அதையெல்லாம் இதுக்குக் குடுக்கவே முடியாது. மத்த எடத்துல ஒண்ணுதான் தட்டுது. சார்புதான்."

இரண்டாவது அட்டையை டீச்சர் முதலில் வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார். ஏறிக்கொண்டே போகிற வளைவு. சார்பு என்றுதான் எல்லோரும் சொன்னோம். பிறகு அது உன் கைக்கு வந்தது. நீ பாதி தாண்டினாய், முக்கால் தாண்டினாய். வலது ஓரத்துக்குப் பக்கத்தில் உன் விரல் மேலே போனது, திரும்பி வந்தது, மறுபடி மேலே போனது.

"இங்க மட்டும் மூணு தடவ தட்டுது டீச்சர். வளைவு லேசா பின்னாடி மடங்கி மறுபடி ஏறுது. இது சார்பு இல்ல."

டீச்சர் அட்டையை வாங்கி, அந்த இடத்தில் ஸ்கேலை வைத்து எங்களுக்குக் காட்டினார். ஆமாம், மூன்று. தலைமையாசிரியை எழுந்துவந்து உன் தோளில் கை வைத்தார். "இனிமே வேற குரூப் பேச்சே கெடையாதும்மா" என்றார். அன்று மாலை உன் அப்பா ஆட்டோவில் ஏறிய எல்லோரிடமும் இதைச் சொன்னாராம். சார்பு என்றால் என்ன என்று ஒருவர் திருப்பிக் கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியாதுண்ணே, எம்மகளுக்குத் தெரியும்" என்றாராம்.

நான் பி.காம். முடித்து அப்பாவின் பட்டறைக்கு வந்தேன். நீ கணக்கிலேயே எம்.எஸ்ஸி. வரை போய், பி.எட். முடித்து, சோழவந்தானில் ஆசிரியையாகச் சேர்ந்தாய். ஒரு முறை ஆற்றுப்பாலம் தாண்டி உன் பள்ளிக்கு வந்தேன். நீ பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பெண் எழுந்து, "இது சார்பு இல்ல டீச்சர்" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"பாத்தாலே தெரியுதே டீச்சர்."

"எனக்குப் பாத்தாத் தெரியாதே. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

வகுப்பு சிரித்தது, நீயும் சிரித்தாய். அந்தப் பெண் தட்டுத்தடுமாறி எந்த எண்ணுக்கு எங்கே இரண்டு விடை வருகிறது என்று சொல்லி முடித்தபோது, அவளுக்கே அது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதை நீ பார்க்கவில்லை. ஆனால் அவள் குரலில் கேட்டுவிட்டாய். "இப்ப உக்காரு" என்று நீ சொன்னதில் அத்தனை திருப்தி.

சிறுநீரகக் கோளாறு உன்னை வெகு சீக்கிரம் கொண்டுபோய்விட்டது. உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்த அன்று, தூரத்து உறவுக்காரர் ஒருவர், "கண்ணு தெரியாம, பாவம், இம்புட்டுப் படிச்சு என்ன" என்று ஆரம்பித்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த உன் அப்பா தலையை நிமிர்த்தினார்.

"அங்க நிக்கிற புள்ளைககிட்ட கேளுங்கண்ணே, யார் பாவம்னு."

வாசலுக்கு வெளியே சோழவந்தானிலிருந்து வந்த உன் மாணவிகள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முன்னால் வந்து, தான் கல்லூரியில் கணக்கு படிப்பதாகச் சொன்னாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். இன்னும் ஒருத்தி கணக்கு டீச்சர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த நேரத்திலும் நெஞ்சு நிமிர்ந்தது. இப்போதும் அப்படித்தான். எதுவரை படித்தாய் என்று யாராவது கேட்டால் பி.காம். என்பதைக் கடைசியாகத்தான் சொல்கிறேன். பள்ளியில் நான் யார் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.