அம்மாவின் நடை, பன்னிரண்டு படங்களில்

ஜூன் 9, திங்கள்
நடை வரவே மாட்டேங்குது. மூணு நாளா லேப்டாப்புல கார்ட்டூன் வரையறேன், பொம்மை வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர நடக்கவில்லை. வினாடிக்கு இருபத்துநாலு ஃபிரேம். ஒரு படத்தை ரெண்டு ஃபிரேம் நிறுத்தினால் பன்னிரண்டு படம். பன்னிரண்டே படம்! அதுக்குள்ள நம்ம ஆளு ரெண்டு அடி வெக்கணும். கார்ட்டூனில் என் கூட்டாளி மஹீரா பூந்தமல்லியிலிருந்து குரலைப் பதிவு செய்து அனுப்பி நாலு நாளாச்சு. "டயலாக் நான் பேசிட்டேன் ஸ்டெஃபி, ஆளு எங்கடி?"

ஜூன் 11, புதன்
வந்துடுச்சு! சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து அம்மா இறங்கி வீட்டுப் படிக்கட்டுக்கு வருவதை எதிர்க்கடையில் நின்று மொபைலில் எடுத்தேன். இடது முட்டியை மடக்காமல் காலைச் சுற்றிப் போட்டு, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, சாப்பாட்டுக் கூடையும் கூடவே ஆட— அதை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி மேலேயே கோடு இழுத்தேன். பொம்மைக்கு எடை வந்துவிட்டது. சிரிப்புக்காகக் கொஞ்சம் கூடவே ஆட்டிவிட்டேன்.
அம்மாகிட்ட சொல்லல. சொல்றதுக்கு இன்னா கீது இதுல?

ஜூன் 14, சனி
'லெஃப்ட் ரைட் ஆன்ட்டி'ன்னு பேர் வெச்சு எங்க யூடியூப் சேனலில் ஏற்றியாச்சு. நாற்பது செகண்ட். எங்கள் பேர் எங்கேயும் போடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
எழுபதாயிரம் பேர் பாத்துட்டாங்க! மஹீரா போனில் கத்து கத்துன்னு கத்துறா.

ஜூன் 18, புதன்
வேலை விட்டு வந்ததும் அம்மா போனை நீட்டினாள். "இத்த பாத்தியாடி? வேன்ல எல்லாரும், 'சாராளக்கா, அப்டியே நீதான்'னு ஒரே சிரிப்பு." அம்மாவும் சிரித்தாள். நானும் சிரிச்சேன். எப்படி சிரிச்சேன்? தூ.

பத்தொன்பது வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நின்றுகொண்டே துணி செக் பண்ணிய முட்டி அது. எனக்கு லேப்டாப் வாங்க ஒரு வருஷம் ஓவர்டைமும் நின்றாள். அந்த லேப்டாப்புல உக்காந்துகினுதான் நான் அந்த முட்டிய—

ஜூன் 20, வெள்ளி
வீடியோவை எடுத்துட்டேன். மஹீரா திட்டினாள். காரணம் சொன்னேன். அப்புறம் மெதுவாக, "உங்கம்மாவாடி அது?" என்றாள்.
எடுத்து இன்னா பிரயோஜனம்? யார் யாரோ டவுன்லோட் பண்ணி, பாட்டு சேர்த்து, அவங்கவங்க பக்கத்துல போட்டு வெச்சிருக்கானுங்க.

ஜூன் 22, ஞாயிறு
சர்ச்சில் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து முன்னால் போனார்கள், அவள் போகவில்லை. "முட்டி வலிக்குதுடி." இத்தனை வருஷமும் அந்த வலியோடுதானே போனாள்?

ஜூன் 23, திங்கள்
இன்னிக்குச் சொல்லிடணும்.
சொல்லல.

ஜூன் 25, புதன்
சொல்லிட்டேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.
"தெரியும். படத்துல படிக்கட்டு வருது பாரு, மூணாவது படி உடைஞ்சு கீது. நம்ம ஊட்டுப் படி."
பின்னாலிருந்ததையும் அப்படியே பார்த்து இழுத்திருக்கேன், மடச்சி.
"வேன்லயே தெரியுமாம்மா?"
"ம்."
அப்போ என்கிட்ட போனை நீட்டினது? நானே சொல்லுவேன்னுதானா? ஏழு நாள் காத்துக்கினு இருந்தாளா?
காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "விடுடி, அதுதான் வலிக்கிற காலு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "இனிமே எடுக்கறதுன்னா முன்னாடியே சொல்லு. மாத்திர போட்டுக்கினு நேரா நடக்கறேன்."
திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு
இன்று திருவிருந்துக்கு அம்மா எழுந்து போனாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாத்திரை போட்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தாள். பாதி வழியில் ஒரு தடவை திரும்பி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள்.