பதினோரு மணிப் படகில் கூட்டமில்லை

மார்ச் 3
அப்பா போன் செய்தார். "லீவு போட்டாச்சு. பதினாலாம் தேதி அம்மாவும் நானும் வர்றோம். எங்க தங்கணும், எதுல ஏறணும், எல்லாம் எழுதி அனுப்பு."
சரிப்பா என்றேன். வேறென்ன சொல்ல? நான் காலேஜை விட்டு ஏழு மாதம். வாடகை பைக்கில் பார்சல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தெரியாது.

மார்ச் 6
எழுதி முடித்தேன். ஒரே நோக்கம்தான் — காலேஜ் இருக்கும் வடக்குப் பக்கம் அவர்கள் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

ஏர்போர்ட்டில் டாக்ஸி வேண்டாம், ரயில் பிடியுங்கள். அறை தெற்கே, ஆற்றோரம். படகுக்குக் காலையில் போனால் நசுங்குவீர்கள். பதினோரு மணிக்குக் கூட்டமில்லை. மூன்று மணிக்கு மழை வந்தால் மணிக்கூண்டுச் சந்தில் முழங்கால் தண்ணீர். பக்கத்துச் சந்தில் நிற்காது. சாலையைக் கடக்கும்போது ஓடாதீர்கள், பாதியில் நிற்காதீர்கள். ஒரே சீராக நடங்கள், பைக் ஓட்டுகிறவர்கள் விலகிப் போவார்கள்.

மார்ச் 7
அம்மா: "ஏண்டி, உன் காலேஜை எப்போ காட்டுவே?"
"பரீட்சை நேரம்மா. வெளியாளை உள்ள விடமாட்டாங்க."
பொய்யில் மட்டும் நல்ல மார்க் வாங்குகிறேன்.

மார்ச் 10
மழை. பதினேழு பார்சல்.

மார்ச் 14
வந்துவிட்டார்கள். நான் எழுதியதை அப்பா பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். பஸ் டெப்போவில் டைம் கீப்பர். கோடு போடாவிட்டால்தான் அதிசயம்.

மார்ச் 15
மாட்டிக்கொண்டேன்.
பதினோரு மணிப் படகு. அம்மா ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காகிதத்தை மடியில் விரித்தார்.
"பதினோரு மணிக்குக் கூட்டமில்ல. மூணு மணிக்கு இந்தச் சந்துல தண்ணி, அந்தச் சந்துல இல்ல. எல்லாம் பட்டப்பகல். கண்ணால பாக்காம எழுத முடியாது. உனக்குக் காலேஜ் எத்தனை மணிக்கும்மா?"
இருபத்தெட்டு வருஷமா, லேட்டா வந்த டிரைவருங்க விடுற கதையெல்லாம் கேட்ட மனுஷன். அவர்கிட்ட போய் நான் டைம் எழுதிக் குடுத்திருக்கேனே! என்னை மாதிரி முட்டாள் உண்டா?
சொல்லிட்டேன். எல்லாத்தையும்.
அம்மா அழுதாள். நடுவில் நிறுத்தி, "பைக்கா? ஹெல்மெட் போடுறியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அழுதாள். அப்பா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாங்கள் இறங்க வேண்டிய துறை தாண்டிப் போய்விட்டது.

மார்ச் 16
அப்பா இன்னும் பேசவில்லை. திட்டியாவது தொலைக்கலாம்.

மார்ச் 18
காலையில் பைக் பக்கத்தில் நின்றார். "எத்தனை பார்சல்?" பதினாலு என்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்கக் கைக்கடிகாரத்தையே பார்த்தார். கடைசி வீட்டில் சொன்னார்: "நாலு மாடிக்கு லிஃப்டுக்குக் காத்து நிக்கிறே. ஆறு நிமிஷம் போச்சு. ஏறிப் போ."

மார்ச் 20
ஏர்போர்ட். கிளம்பும் நேரத்தில் சித்தப்பா போனில் வந்தார். என் படிப்பைப் பற்றித்தான் விசாரித்திருப்பார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா என் பக்கம் திரும்பாமலே பேசினார்.
"படிக்கல. விட்டுட்டா. பைக்ல பார்சல் குடுக்கிறா. ஆமா, ஊர் முழுக்கத்தான். நீ இங்க வர்றதுன்னா முன்னாடியே சொல்லு, எந்நேரம் எதுல ஏறணும்னு எழுதித் தருவா."