கரண்ட் இல்லாத நாளில் பேசிய கிளி

மதினிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் இருந்தவர்கள் யார் யார் என்றால்: சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டு நான், பக்கத்தில் உங்கள் மகள், அவள் மடியில் ஏழு மாதப் பிள்ளை, நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக் கேட்காத மாதிரி கேட்கிற என் வீட்டுக்காரர். மூன்றரைப் பேர். வேறு யாரும் இல்லை.

பிள்ளைக்கு இருக்கன்குடி கோயிலில் முடியிறக்க நாள் பார்க்க வந்தவள், பேச்சுவாக்கில் டிவியைத் திருப்பினாள். நாதஸ்வரத்தில் ஒரு பீப்பீ, அதன் பின்னால் தகர டப்பா உருளுகிற சத்தம். என் கத்தி நின்றுவிட்டது. நம்முடைய சிரிப்பு நாடகம்! பழையதைத் தூசி தட்டி மறுபடி போடுகிறார்கள். அதிலும் எந்த நாள் கதை என்று கேளுங்கள். நாடகத்து வீட்டுக்காரன் கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பானே, அது.

உங்கள் மகள் கால் மணி நேரம் ஆசையாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன அத்தை, கிளி பேசவே மாட்டேங்குது? எங்கம்மா சொன்னதுல மாமியாரப் பாத்து அம்புட்டுப் பேச்சு பேசுமே?"

"அது வேற நாளா இருக்கும்த்தா" என்றேன், நறுக்குகிற காயைப் பார்த்துக்கொண்டே. என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி உயர்த்திக்கொண்டார்.

அதனால்தான் இந்த மடல். வருகிற கார்த்திகையோடு நீங்கள் போய் இரண்டு வருஷம். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் கிளி பேசவில்லை மதினி. பேசவைத்தது நான். அன்றைக்குக் கரண்ட் இல்லை, நான் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்து சிரித்தீர்கள் என்றால் அது நம் இருவருக்குள் ஒரு விளையாட்டு. தெரியாமல் சிரித்தீர்கள் என்றால், என்னை நம்பி வந்து உட்கார்ந்தவரிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். நேற்றிலிருந்து இதே யோசனைதான்.

முதலில் நாடகம் இரவு எட்டரைக்குத்தான் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிவிட்டு வந்து, குளித்து, உலை வைத்து இறக்கிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். என் வீட்டுக்காரரை அண்ணே என்று கூப்பிட்டதால் நான் உங்களுக்கு மதினி. நீங்களும் எனக்கு மதினி. யார் மூத்தவர் என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை. டிவிக்குள்ளே கூட்டமாகச் சிரிக்கிற சத்தம் வரும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு சந்தேகம்.

"இவுக யாரு மதினி? ஆளு முகமே தெரிய மாட்டேங்குது. சிரிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்காகளா?"

"குடுப்பாங்களா இருக்கும்."

"அப்ப நாளைக்கே வேலைய மாத்திக்கிறேன். எனக்கு ஓவர்டைம்கூட வேண்டாம்."

ஒரு திங்கட்கிழமை எட்டரைக்கு டிவியைப் போட்டால் பீப்பீயைக் காணோம். ஒரு பெண் குத்துவிளக்குக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். "இவ யாரு, நடுவீட்டுல வந்து நின்னு அழுகுறா?" என்றீர்கள். கீழே ஓடிய எழுத்தை நான் வாசித்துச் சொன்னேன். சிரிப்பு நாடகம் இனிமேல் மாலை ஆறு மணிக்கு. உங்களை இறக்கிவிடுகிற கம்பெனி வேன் தெருமுனைக்கு வருவது ஆறு நாற்பதுக்கு.

எனக்கோ எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் போடுவேன். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் குறித்தேன். நாடகம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை முறை விளம்பரம் வந்தது, என்னென்ன விளம்பரம். எட்டரைக்கு எண்ணெய், சோப்புப்பொடி, பட்டுச்சேலை. ஆறு மணிக்கு பிஸ்கட், பென்சில், பாலில் கலக்குகிற பொடி. ஒரு மாதம் எழுதிய பிறகு எனக்குப் பிடிபட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குச் சிரிப்பு. அடுப்படி வேலை முடித்து வருகிற பெண்களின் நேரத்துக்கு அழுகை. எந்த நேரத்தில் எந்த ஆள் டிவி முன்னால் இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த ஆளுக்கு விற்கிறவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

உங்களிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "அப்ப எங்க வேனுக்கு ஒருத்தரும் ஒண்ணும் விக்க வேண்டாமாக்கும்? உள்ள ஒரு டிவிய வச்சா முப்பது பேரும் எறங்கவே மாட்டோம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அழுகைக்கு நாளைக்கும் மிச்சம் இருக்கு மதினி. சிரிப்பு அன்னன்னைக்கே முடிஞ்சிருது. நாளைக்கும் வா-ன்னு கூப்பிட அதுக்குத் தெரியல, அதான் ஓரமாத் தள்ளிட்டாக" என்றீர்கள். என் ஒரு மாதக் குறிப்பு நோட்டில் அது இல்லை.

"அப்படின்னா அதுல உங்களுக்கு என்னதான் பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"எம்புட்டுக் கூத்து நடந்தாலும், கட்டில் ஒடைஞ்சாலும், சட்டி பறந்தாலும், மறுநா பாத்தா அம்புட்டுப் பேரும் அங்கனயே இருக்காக. ஒரு கீறல் இல்ல. அதான்."

இதைச் சொல்லும்போது சரம் பின்னிக் காய்த்துப்போன கட்டைவிரலை மற்ற விரலால் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பிறகு நான் பார்ப்பதும், ஏழு மணிக்கு நீங்கள் வந்ததும் சொல்வதும் என்று ஆயிற்று. ஆறு மணி விளக்கேற்றுகிற நேரம். எனவே ஐந்தே முக்காலுக்கே விளக்கேற்றிப் பாட்டையும் படித்து முடித்தேன். "லெட்சுமிக்கும் டைம் மாத்திட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "முன்னாடியே வந்தா அவளும் பாப்பா" என்றேன். மனசுக்குள் தாயே மன்னித்துக்கொள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

முதல் வாரம் நீங்கள் சிரிக்கவே இல்லை. அவன் வந்தான், இவள் கேட்டாள், அவன் விழுந்தான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். "மதினி, நீங்க பலசரக்கு லிஸ்ட்டு வாசிக்கீக" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் நாடகத்தை வேறு கண்ணால் பார்த்தேன். கட்டிலுக்கடியில் ஒருவன் ஒளிந்திருப்பது நமக்குத் தெரியும், வீட்டுக்குள் வருகிறவளுக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அவள் குனியப் போகும்போது விளம்பரம் போடுகிறார்கள். நானும் அங்கே நிறுத்தினேன். "என்ன, பிஸ்கட் விளம்பரமா? அப்ப தண்ணி குடிச்சிட்டு வந்துருதேன்" என்று எழுந்தவர், பாதி வழியில் திரும்பி, "இல்ல, சொல்லிருங்க, குனிஞ்சாளா?" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிறகு கிளி வந்தது. கரண்ட்டை முறைவைத்து நிறுத்திக்கொண்டிருந்த காலம். ஒருநாள் நம் தெருவின் முறை ஆறு முதல் எட்டுக்கு மாறியது. முதல்நாள் 'நாளை' என்று அரை நிமிடம் காட்டுவார்களே, அதில் வீட்டுக்காரன் கிளிக்கூண்டோடு நின்றதை மட்டும் பார்த்திருந்தேன். மறுநாள் பீப்பீ தொடங்குகிற நேரத்தில் மின்விசிறி நின்றது. இன்றைக்குக் கதை இல்லை என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அது தீபாவளிக்கு முந்தின சீசன். உங்களுக்கு ஞாயிறும் இல்லை, லீவும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "சீக்கிரம் சொல்லுங்க மதினி, இன்னைக்குச் சிரிச்சாத்தான் சோறு எறங்கும்" என்றீர்கள்.

என்ன செய்ய? சிம்னி விளக்கைத் தூண்டிவிட்டுச் சொன்னேன். மாமியார் வரும்போது "அத்தை, நல்லா இருக்கீகளா" என்று சொல்லக் கிளியைப் பழக்குகிறான். கிளியோ அவன் தனியாகப் புலம்புவதைக் கேட்டுப் பழகியிருக்கிறது. மாமியார் பையோடு உள்ளே நுழைந்ததும், மூடின அறைக்குள்ளிருந்து, "அத்தை, எப்ப ஊருக்குப் போவீக?" கிழவி அதை மருமகன் என்றே நினைத்துக் கதவோடு சண்டை போடுகிறாள். இவன் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறான். கதவு விடாமல் பதில் சொல்கிறது.

நீங்கள் சுவரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தீர்கள். "நிறுத்துங்க மதினி, வகுறு வலிக்கு" என்றீர்கள். பிறகு நன்றாகச் சாப்பிட்டதாக மறுநாள் சொன்னீர்கள்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூப் பொட்டலம் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. வெள்ளை வந்தது. ஏழு மணிக்குச் சொல்லிவிடுவதென்று அதைத் தலையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வாசலில் செருப்பை விடுவதற்கு முன்னாலேயே கேட்டீர்கள்: "மதினி, வேன்ல அம்புட்டுப் பேரும் கேக்காக, அந்தக் கிளி திரும்ப வருமா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வேப்பமரத்தடியில் நீங்கள் அதை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தது.

அம்மன் சொல்லியும் வாய் வரவில்லை. கிளி திரும்ப வந்தது. கரண்ட் இருந்த நாட்களிலும் வந்தது. டிவியில் அது இல்லவே இல்லை, நான் சொன்னதில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போகும். கேட்கிறவர்கள் காத்திருந்தால் சொல்கிறவளுக்கு வேறு வழி இல்லை என்று கண்டுகொண்டேன். அந்த டிவிக்காரர்கள் மேல் எனக்கிருந்த கோபமும் பாதி குறைந்தது.

பிறகு நாடகத்தை மறுபடி மாற்றினார்கள். வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை பத்தரை. விளம்பரமும் மாறிவிட்டது, மோட்டார் சைக்கிள், சுவருக்கு அடிக்கிற பெயிண்ட். ஆண்கள் வீட்டில் இருக்கிற நேரமாம். உங்களுக்கும் சீசன் முடிந்து ஞாயிறு ஓய்வு. இனி நேரிலேயே பார்க்கலாம், என் பொய்க்கும் விடுதலை என்று நினைத்தேன். வந்து பார்த்தீர்கள். ஒன்றிரண்டு முறை சிரித்தீர்கள். கிளி ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்து அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள்.

"நேத்து உள்ளதச் சொல்லுங்க."

"நேத்து ரெண்டு பேரும் சேர்ந்துதான பாத்தோம்?"

"பாத்தா என்ன? நீங்க சொல்லுங்க."

அடுத்த தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த நாட்களில் நெஞ்சுக்குள் என்னமோ செய்கிறது என்றீர்கள். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஏழு மணிக்கும் ஒரு கதை வைத்திருந்தேன்.

நேற்று உங்கள் மகள் இன்னொன்றும் சொன்னாள். கிளிக் கதை சொன்ன மறுநாள், மரத்தடியில் பேச்சு தடித்ததாம். முதல்நாள் காய்ச்சலென்று வேலைக்கு வராமல் தன் ஊரில் நாடகத்தைப் பார்த்த ஒரு பெண், கிளி பேசவே இல்லை என்று அடித்துச் சொன்னாளாம். அவள் ஊரில் அந்த நேரம் கரண்ட் இருந்திருக்கிறது. நீங்கள் வீட்டுக்கு வந்து, "அவ அரைத் தூக்கத்துல பாத்திருப்பா. எங்க மதினி ஒண்ண விடாமப் பாத்துச் சொல்லுவாக" என்று சொன்னீர்களாம். இதை எப்படி எடுத்துக்கொள்வது மதினி? அவளைவிட என்னை நம்பினீர்களா? இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டு எனக்காக நின்றீர்களா?

நேற்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். கரண்ட் இல்லாமல் நானாகச் சொன்ன நாட்களுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தேன். பதினேழு வட்டம். அந்தப் பதினேழு நாளும் நீங்கள் வேனைவிட்டு இருட்டுத் தெருவில்தான் இறங்கி வந்திருக்கிறீர்கள். கரண்ட் எத்தனை மணிக்குப் போனது என்று ஒருநாள்கூட நீங்கள் கேட்டதில்லை. களைப்பில் தோன்றாமல் இருந்திருக்கலாம். வேண்டாம் என்றும் இருந்திருக்கலாம். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டேன், ஒரு பக்கமும் தரை தட்டவில்லை.

இப்போதும் ஏழு மணி ஆனால் எனக்குள் ஒரு கதை வந்து நிற்கிறது. தெருவில் யாராவது ஏதாவது சொன்னால், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று மனசு பார்த்துவைக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் சாமி படத்துக்கு முன்னால் முணுமுணுக்கிறேன். சாமி சிரிக்கிறதா என்று தெரியவில்லை.

உங்கள் மகள் போகும்போது, "அந்தக் கிளிக் கதை அம்புட்டையும் எனக்குச் சொல்லுங்கத்தை, எங்கம்மா சொன்ன மாதிரியே பிள்ளைக்குச் சொல்லணும்" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சொல்வதென்றால் அது டிவியில் வந்தது என்று சொல்வதா, நான் உங்களை ஏமாற்றியது என்று சொல்வதா, நானும் உங்கம்மாவும் சேர்ந்து செய்தது என்று சொல்வதா? மூன்றாவதைச் சொல்லத்தான் ஆசை. உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். மறுபடி பூக்கட்டிப் பார்க்கவும் போவதில்லை. இது நீங்கள் சொல்ல வேண்டியது. கனவில் வந்தாலும் சரி, எப்படி வந்தாலும் சரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். அதற்குள் பதில் சொல்லுங்கள் மதினி.