அப்பாவின் மூச்சுக்கு ஒரு பெட்டி

காஞ்சிபுரம்,
ஜூன் கடைசி வாரம்

அன்புத் தம்பி டேனியலுக்கு,

அக்கா கலையரசி எழுதுகிறேன். உன் பட்டாளத்து மலை முகாமில் டவர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் நான் ஒரகடம் ஃபேக்டரியில் ஷிப்டில் இருக்கிறேன். நான் வீடு வந்து சேரும்போது உன் டவர் தூங்கப் போய்விடுகிறது. அப்படியே பேச வாய்த்தாலும் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு போனைப் பிடுங்குவாள். இது அவள் காதில் விழக் கூடாத சமாசாரம். அதனால்தான் கடிதம். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறதென்று உன் சிநேகிதர்களிடம் காட்டிச் சிரிக்காதே.

முதலில் அப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார், பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். ஆனால் முன்பெல்லாம் ஆக்சிஜன் மெஷினைக் கழற்றிவிட்டு வாசல் வரை நடப்பாரே, அது இப்போது முடியவில்லை. குழாயை மூக்கிலிருந்து எடுத்தால் குளிப்பதற்குள்ளேயே உதடு நிறம் மாறிவிடுகிறது. அத்தனை வருஷம் சாயப்பட்டறைப் புகையைக் குடித்த நுரையீரல், இனி மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

போனில் உன்னிடம் கரெண்டு போய்விட்டது, நான் செய்து மாட்டிய பெட்டி வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னோம். மீதியை இப்போது சொல்கிறேன்.

அந்தப் பெட்டியை நான் ஏன் செய்தேன் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டில் இருப்பது யாரோ கழித்துவிட்ட பழைய இன்வெர்ட்டர். கரெண்டு போனால் தானாக மாறாது, சும்மா போட்டு வைத்தாலும் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். தானாக மாற்றிவிடும் சுவிட்சாகச் சாதாரண ரிலே வைத்தால், அதைப் பிடித்து நிறுத்தி வைக்கவே ஓயாமல் மின்சாரம் கொடுக்க வேண்டும். அதனால் லாட்சிங் ரிலே போட்டேன். அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. ஒரு தடவை தள்ளிவிட்டால் போதும், மறுபடி தள்ளும் வரை அப்படியே நிற்கும். தள்ளுவதற்கு ஒரு நொடிகூட நீடிக்காத ஒரு மின் துடிப்பு, பல்ஸ் வேண்டும். அதை ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்தேன். பேட்டரிக்குப் பாரம் தெரியாமல், சொட்டுக் குழாயடியில் சொம்பு வைத்தது போல அது மெல்ல மெல்ல நிரம்பும். தேவைப்படும்போது ஒரே ஊற்றாக ஊற்றும். கரெண்டு போனதும் டக் என்று மெஷின் பேட்டரிக்கு மாறும், வந்ததும் டக் என்று திரும்பும். பேட்டரி செலவு இல்லாத அந்த சர்க்யூட்டை நினைத்து நான் எவ்வளவு பீற்றிக்கொண்டேன் என்பதற்கு நீயே சாட்சி.

சரிபார்ப்பதற்காக ஒரு பட்டனும் வைத்திருந்தேன். அமுக்கினால் அந்த டக், விட்டால் இன்னொரு டக்.

தேர் அன்று வழக்கம்போல ராஜவீதியில் கம்பிகளை இறக்க, நம் சந்துக்கும் சேர்த்துக் காலையிலேயே கரெண்டை நிறுத்தினார்கள். எனக்கு லீவு தரவில்லை. அம்மா பூக்கூடையோடு தேரடிக்குப் போயிருந்தாள், வருஷத்தில் அவளுக்கு அதுதானே பெரிய வியாபாரம். பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போனாள். அது மாறவில்லை. மெஷின் நின்றுபோய் அலாரம் கத்தியிருக்கிறது. மேளத்திலும் மைக்கிலும் யாருக்குக் கேட்கும்? தண்ணீர்க் குடம் கேட்க வந்த எதிர்வீட்டு மரியம்மாள் அக்கா அப்பாவைப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஆட்டோவை எப்படிக் கொண்டுவந்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இது வரை உனக்குத் தெரிந்த கதை.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பேச்சு வந்த அன்று, அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதம்மா. தேருக்குக் கெளம்பசொல்ல கூட பொட்டிகிட்ட வந்து, பட்டன அமுக்கிப் பாத்து, சத்தம் வருதான்னு காத வச்சிக் கேட்டுட்டுத்தான் போனா. அவ தெருமுனை தாண்டியிருக்க மாட்டா, கரெண்டு பூட்ச்சி" என்றார். எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா? 

புரிகிறதா டேனியல்? அவள் சரிபார்த்ததில்தான் சொம்பு காலியாகியிருக்கிறது. மறுபடி நிரம்ப அரைமணியாவது வேண்டும். அதற்குள் கரெண்டு போய்விட்டது. ரிலேவைத் தள்ள அதில் எதுவும் இல்லை. ஒரு தடவை தள்ளிப் பார்த்து மாறாவிட்டால் மறுபடி தள்ளு என்றும் நான் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து நானே பட்டனை அமுக்கிவிட்டு உடனே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பெட்டி கம்மென்று இருந்தது.

இதில் அம்மா தப்பு என்ன இருக்கிறது? ஃபேக்டரியில் ஒரு போர்டைச் சோதித்தால், அடுத்த சோதனைக்கு முன் காத்திருப்போம். அது எங்களுக்குப் பழக்கம். வீட்டில் இருப்பவள் வாசல் தாண்டிப் போனபிறகும் அடுப்பை ஒரு தடவை திரும்பி வந்து பார்ப்பாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் கையில், தொட்டுப் பார்த்தால் தாங்காத ஒன்றைக் கொடுத்தது நான்தான். ஆனால் இதை அவளிடம் சொன்னால் அவளுக்கு ஒன்றுதான் கேட்கும். நீ அமுக்கினாய், அவர் மூச்சு நின்றது.

அதனால் கெப்பாசிட்டர் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். பெட்டியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். "உன் டப்பாவ நம்பி என் புருசன பறிகுடுக்கப் பாத்தேன். இது இன்னொரு தபா இந்த ஊட்டு செவுத்துல ஏறுச்சி, நான் இருக்க மாட்டேன்" என்கிறாள். போன வாரம் மரியம்மாள் அக்கா முன்னாலேயே, படித்த திமிரில் அப்பாவை வைத்துச் சோதனை பண்ணினேன் என்று சொன்னாள். எனக்கும் கோபம் வரும்தானே. உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுந்து தெருக்குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

நான் திட்டு வாங்குவது பெரிதில்லை. பெட்டி இல்லாமல் அப்பா இருப்பதுதான் பயம். சிலிண்டர் ஒன்று வைத்திருக்கிறோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வராது. இந்த மாதம் பராமரிப்புக்குக் கரெண்டை நிறுத்தியபோது சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று வீட்டிலேயே இருந்து, கையால் இன்வெர்ட்டரை மாற்றிவிட்டேன். அடுத்த மாதமும் அப்படி இருக்க ஃபேக்டரியில் விடமாட்டார்கள். காற்று மழைக்குப் போகும் கரெண்டு எந்த அறிவிப்பும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. அம்மா பூ வியாபாரத்தை விட்டுவிட்டுக் கட்டிலோரமே கிடக்கிறாள். அவளை இன்வெர்ட்டரை மாற்றப் பழக்கலாம் என்று பார்த்தேன், கிட்டே வரவே மாட்டேன் என்கிறாள். ஃபேன் போடுவதற்குக்கூட என்னையோ மரியம்மாள் அக்காவையோ கூப்பிடுகிறாள்.

அம்மாவுக்குத் தெரியாமல் பரணிலிருந்து இறக்கிப் பெட்டியைத் திருத்திவிட்டேன். சோதிக்கத் தனி கெப்பாசிட்டர், எத்தனை தடவை அமுக்கினாலும் அவசரத்துக்கு உள்ளது குறையாது. ரிலே மாறாவிட்டால், மாறும் வரை திரும்பத் திரும்பத் தள்ளும். படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் சிக்னல் பிரிவில் விவரம் தெரிந்தவரிடம் காட்டி, ஓட்டை இருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லச் சொல். இந்தத் தடவை எனக்கு என்மேல் நம்பிக்கை பத்தவில்லை. அவர் சரி என்று சொன்னால், பெட்டியை மாட்டச் சொல்லி அம்மாவுக்கு நீ எழுது. பட்டாளத்துக்காரர் பார்த்துச் சொன்னார் என்றால் கேட்பாள். பெற்ற மகள் சொன்னால் ஏறாது.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. லீவில் நீ வந்தால் உன் பையைத் திறந்து துணி துவைப்பவள் அவள்தான். லீவு கேட்டிருக்கிறாயா? சீக்கிரம் கேள் தம்பி. அப்பா உன் பேரைச் சொல்வது கொஞ்ச நாளாக அதிகமாகியிருக்கிறது.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்திருந்தேன். நேற்று நடந்ததற்காக மறுபடி பிரிக்கிறேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஏண்டி, அந்தப் பட்டன அமுக்கினா உள்ள இருக்கறது செலவாவுமா?" என்று கேட்டாள். ஆகாதும்மா, அது சும்மா சத்தத்துக்கு வைத்தது என்றேன். சரி என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டவில்லை டேனியல். சாப்பாடு போடும்போது எனக்கு மட்டும் முட்டை வைத்தாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

உன்னை அந்தப் பனியில் கர்த்தர் பத்திரமாக வைத்திருக்கட்டும். அம்மாவுக்கு எழுதும்போது, அப்பாவை நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய் அம்மா என்று ஒரு வரி சேர்த்து எழுது. நான் சொன்னால், எதற்காகச் சொல்கிறாய் என்று அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.

உன் அக்கா,
கலையரசி