காலியாக விட வேண்டிய கட்டம்

அன்பு மருமகளுக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். சிறைக்கு அருகே கிடைத்த இந்த விடுதிக் காப்பாளர் வேலை எனக்குப் பழகிவிட்டது. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நேற்று உன் கணவனைப் பார்த்தேன். இளைக்கவில்லை. பார்வையாளர் படிவத்தில் ‘விடுதலை நாள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எதையும் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லையே. உன் பிரசவத் தேதியை எழுதிவிட்டேன். காவலர் சிரித்தார்.

“என்னம்மா, நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க? உங்க பையனைப் புடிச்சு வெச்சிருக்கிற இந்தச் சட்டத்துல வழக்கும் கிடையாது, தேதியும் கிடையாது. எத்தனை வருஷம் வேணும்னாலும் வெச்சிருக்கலாம்.”

“அஞ்சு மாசமா உள்ள இருக்கான். என்ன குத்தம்னாவது சொல்லலாமே, தம்பி?”

“அதை எங்களுக்கே சொல்லலம்மா.”

வெளியே அந்தச் சட்டத்தை எதிர்த்து வக்கீல்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் நிற்பதைக் கௌரவக் குறைவாக நினைத்த நானும் ஒரு மணி நேரம் நின்றேன். கவலைப்படாதே, குடை இருந்தது.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பி வை. கடிதங்களைக் கொஞ்சம் நீளமாக எழுது. தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன்.

அவன் வந்துதான் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். காத்திருக்காதே. நீயே வைத்துவிடு.

உன் அத்தை